கொடி அறுத்த பையனும் பல்லு போடாத கன்னும்

பெரியநாயக்கன்பாளையத்துல மகன் ஊட்டு வாசல்ல நின்னுட்டிருந்தேன். ஒரு பையன் கழுத்துல கை வெச்சு என் தாலிக்கொடியை அறுத்துட்டு ஓடினான். விழுந்ததுல இடது கை முறிஞ்சுபோச்சு. கொடியும் கிடைச்சது, பையனும் சிக்கினான். பதினெட்டு ஆகாதவங்களுக்குத் தனிக் கோர்ட்டாம், அங்க வந்து சொல்லச் சொன்னாங்க.

மகன் லேத் பட்டறை வெச்சிருக்கான். கார்லயே பாடம் நடத்தினான்.

“மீசை மொளச்ச தடியனைப் பையன்ங்கறாங்க. கழுத்தை நெரிச்சுக் கொல்லப் பார்த்தான்னு சொல்லுங்கம்மா. அப்பத்தான் பெரியவங்க ஜெயிலுக்குப் போவான். இல்லீன்னா சின்னப் பசங்களைத் திருத்தற ஹோமுல சோறு போட்டு அனுப்பிருவாங்க.”

கொடி போனப்ப மஞ்சக் கயித்தைக் கட்டிட்டுச் சனத்து முன்னால நின்னவ நான். ஆத்திரம் எனக்கும் குறைவில்லை. சரின்னேன்.

உள்ள போனா, கூண்டு இல்லை. ஒரு மேசை, சுத்தி நாற்காலி. பையனைக் கூட்டிட்டு வந்த போலீஸ்காரர்கூடச் சாதாச் சட்டையில இருந்தார். நீதிபதி, என் மக வயசுல ஒரு அம்மணி. பையனை உக்காரச் சொல்லி, “சாப்பிட்டியா?”ன்னு கேட்டாங்க. எனக்கும் அவனுக்கும் ஒரே உசரத்துல நாற்காலி.

பள்ளிக்கூடச் சான்று எதுவும் இல்லாததால, ஆஸ்பத்திரியில பல்லையும் எலும்பையும் பார்த்து அவன் வயசு பதினேழுன்னு சொல்லியிருந்தாங்க. அதைப் படிக்கக் கேட்டதும் எங்க மாட்டுக் கட்டுத்தரைதான் ஞாபகம் வந்துச்சு.

நான் வாக்கப்பட்டது காங்கேயம் பக்கம். காளங்கன்னு எவ்வளவு துள்ளினாலும், பால்பல் விழுந்து ரெண்டு பல்லு போடற வரைக்கும் நுகத்துல பூட்ட மாட்டோம். முன்னாலயே பூட்டினா தோள் கெட்டு, ஆயுசுக்கும் உதவாமப் போயிரும். ஒரு கன்னு எங்க ஊட்டுக்காரரு விலாவையே முட்டி உடைச்சது. மூக்கணாங்கயிறு போட்டுக் கட்டி வெச்சோம். நுகத்தை வெக்கல, தவுடும் குறைக்கல. கையெழுத்துப் போட மட்டும் படிச்சவ நான். எங்க கட்டுத்தரையில இருந்த நாயம் கவர்மெண்டுச் சட்டத்துலயும் இருக்குன்னு அன்னைக்குத்தான் கண்டேன்.

“என்ன நடந்துச்சு, சொல்லுங்கம்மா”ன்னாங்க அந்த அம்மணி.

மகன் என் காலை மிதிச்சான்.

“கொடியைப் பிடிச்சு இழுத்தானுங்க. நான் விடலைங்க. விழுந்துட்டேன். கழுத்தை நெரிக்கலைங்க.”

பையன் அப்பத்தான் தலையைத் தூக்கினான். மீசை இருந்தது. மூஞ்சி பச்சப்புள்ள மூஞ்சி.

“சும்மாவும் விட்டுறாதீங்க அம்மணி. மூக்கணாங்கயிறு போடுங்க. நுகம் இப்ப வேண்டாமுங்க.”

அவங்க பேனாவை வெச்சுட்டு என்னையே பார்த்தாங்க. “எங்கப்பாவும் மாடு வெச்சிருந்தாருங்கம்மா” அப்படின்னாங்க.

அவனை ஹோமுக்கு அனுப்பினாங்க.

திரும்பறப்ப மகன் கார்க் கதவை ஓங்கிச் சாத்தினான். அப்புறம், “சட்டத்தையே மாத்தணும்”னான்.

“மாத்தறவங்க முதல்ல அந்த ரூமுல வந்து செத்த நேரம் உக்காந்து பாக்கட்டும் சாமி.”

“உடைஞ்சது உங்க கைங்கம்மா.”

“என்ற கைதான். அதனாலதான் நான் சொல்றேன்”ன்னேன்.