ஸ்டோர் ரூமில் ஒரு பெட்டி

என் அண்ணி பேசியே சம்பாதிக்கிறவள். பஸ் டிக்கெட் விற்கும் ஒரு கம்பெனிக்கு வருகிற புகார்களை, வீட்டில் இருந்தபடியே கேட்டுச் சமாதானம் சொல்வது அவள் வேலை. நாள் முழுக்க ஊராரின் ஏச்சை வாங்கிக்கொண்டு "மன்னிக்கணும் சார்" என்று சொல்கிறவள், வேலை முடிந்தபின் வீட்டில் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. அவளை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

வாடகை வீட்டில் அவளுக்கு வாய்த்த இடம் ஃபிரிட்ஜுக்கும் துணிக்கொடிக்கும் நடுவில். அங்கே வைஃபை நினைத்தால் வரும், நினைத்தால் போகும். கூடத்து டிவியில் அப்பா அதே வைஃபையில் மேட்ச் போட்டால் அண்ணியின் பேச்சு பாதியில் அறுந்துவிடும். இனியும் அறுந்தால் வேலை போய்விடும் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. அதனால் புது வீடு கட்டத் தொடங்கியபோது அவள் கேட்டது, கதவு வைத்த ஓர் அறையும் அதில் உருப்படியான ஓர் இன்டர்நெட் கேபிளும்தான்.

அண்ணன் படிக்கட்டை ஒட்டிய ஸ்டோர் ரூமைக் கொடுத்தான். பெரிய மனசு. கூடத்துக்கும் எல்லாப் படுக்கையறைக்கும் டிவி பாயிண்ட், கூடத்தில் போன் என்று பிளானில் தாராளமாகக் குறித்தவன், அந்த அறைக்கு ஒரு பல்பு மட்டும் போட்டிருந்தான்.

"வைஃபைதான் இருக்கே, ஒயரு எதுக்கு?"

"அந்தச் சுவரைத் தாண்டி அது வராதுங்க. உங்க டிவிக்கு ஒயர் போகுது, என் வேலைக்குப் போகக்கூடாதா?"

அண்ணி அதோடு விடவில்லை. சாக்பீஸோடு போய்ச் செங்கல் சுவர்களில் தானே கோடு போட்டாள். டிவி, போன், இன்டர்நெட் எல்லாம் ஒரே பெட்டியில் தொடங்க வேண்டும், அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிக் கேபிள் போக வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் விளக்கினாள். அவரும் தலையைத் தலையை ஆட்டினார்.

பூச்சு தொடங்கும் நாள் காலையில் நானும் அவளும் போய்ப் பார்த்தால், கோடு ஒரு பக்கம், ஒயர்க் குழாய் ஒரு பக்கம். விளக்குக்கு இழுப்பதுபோலவே மனிதர் கூடத்தில் தொடங்கி, அறைக்கு அறை ஒரே கேபிளைக் கோத்துக்கொண்டே போய், வாலை ஸ்டோர் ரூமில் விட்டிருந்தார்.

"கைப்பழக்கம்க்கா. ஒண்ணும் ஆகாது."

"இந்தக் கேபிளை இப்படிக் கோத்தா வேலை செய்யாதுங்க. பிரிச்சு இழுங்க."

அங்கே நின்ற அண்ணன் குறுக்கே வந்தான். "கொத்தனார் கலவை குழைச்சுட்டாரு. இன்னிக்குப் பூசட்டும். உன் ரூமைப் பின்னாடி பாத்துக்கலாம்."

அந்தப் 'பின்னாடி'யை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பெண்கள் கேட்டதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணி வெளியே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து, சாக்பீஸ் கோட்டின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"எந்திரி. எல்லாரும் பாக்குறாங்க," என்றான் அண்ணன்.

"உங்க சிரமம் புரியுது சார்," என்றாள், வேலையில் பேசும் அதே தேன்குரலில். "ஆனா பூசணும்னா என்னையும் சேத்துத்தான் பூசணும்."

கொத்தனார் சிரித்துவிட்டார். "கலவை வீணாகாது சார். நான் சமையக்கட்டப் பூசிட்டு வரேன், நீங்க பேசி முடிங்க."

பேசி முடிக்க ஒன்றுமில்லை. எலக்ட்ரீஷியன் உளியை எடுத்தார். அவள் போட்ட கோட்டின் வழியே சுவரை வெட்டி வரும்போதுதான், எல்லாக் கோடும் எங்கே போய் முடிகிறது என்று அண்ணன் கவனித்தான். பெட்டி ஸ்டோர் ரூமில் வருகிறது.

"கூடத்துல வைக்கலாமே?"

"கூடத்துல எனக்குக் கதவு இல்லீங்களே."

இப்போது அந்த வீட்டில் டிவி, போன், இன்டர்நெட் எது நின்றாலும் அவள் அறைக்குத்தான் வந்தாக வேண்டும். போன வாரம் மேட்ச் நடுவே படம் நின்றுபோக, அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அண்ணி ஹெட்செட்டைக் கழற்றவில்லை, கதவை மட்டும் கையால் காட்டினாள். அவன் வெளியே வந்து, கதவைச் சாத்தி, தட்டினான்.

கொஞ்ச நேரம் நிற்கவைத்துத்தான் திறந்தாள்.