அம்மா விபூதி பூசின ஆந்தைப் பெட்டி

மலேசியாவுல, செலண்டார்ல, எண்ணெய்க்காக நாங்க போட்ட செம்பனைப் பழத்த எலிங்க விட்டு வைக்கல.

பழம் வாங்குற கம்பெனிக்காரங்க நடத்துன பயிற்சிக்குப் போன அப்பா, எலி பிடிக்க ஆந்தை வரணும்னு வீட்டுக்குப் பின்னால கூண்டுப் பெட்டி கட்டுனாரு.

"ஆந்தை அலறுனா வீட்டுக்கு ஆகாது"ன்னு அம்மா அவர்கிட்ட பேச்சையே நிறுத்திட்டாங்க.

இன்னைக்குக் கம்பெனிப் பொண்ணு பெட்டியப் பார்க்க வந்துச்சு. உள்ள ஆந்தை குடி வந்திருக்கு. வெளிய விபூதிப் பட்டை, எலுமிச்சம்பழம்.

"ஆண்ட்டி, இத நாங்க சொல்லித் தரலையே லா."

"நீங்க எலி போறதுக்குச் சொன்னீங்க. இது என் பயம் போறதுக்கு."

சாயங்காலம் ஆந்தை அலறுச்சு. அப்பா பயந்து அம்மாவப் பார்த்தாரு.

"பாவம், பசிக்குது போல"ன்னாங்க அம்மா.

அப்பா பசின்னு சொன்னா அம்மாகிட்ட இந்தக் குரல் வராது. உங்க வீட்லயும் இப்படித்தானா?