கடைசி ஆளுக்குக் கரண்டு வராது

“கம்பியைத் தொடுறதுக்கு முன்னாடி யாரு வீட்டு லைனுன்னு கேக்காத, உசுரு இருக்கான்னு பாரு.” மின்வாரியத்தில் இருந்த என் மாமா ஏதோ இந்த மாதிரிச் சொல்வார், முன்னும் பின்னும் மறந்துவிட்டது. என்னுடையதும் ஒரு வகையில் கரண்டு வேலைதான். நரம்புப் பரிசோதனை என்பது, சம்பளம் வாங்கிக்கொண்டு நோயாளிக்கு ஷாக் கொடுக்கிற தொழில். கணுக்காலில் அந்தச் சுள்ளென்ற அடியை எப்போதாவது வாங்கியிருந்தீர்களானால், கொடுத்தவனைத் திட்டியிருப்பீர்கள். அவன் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

கூட்டி வைங்க

தொண்ணூறுகளின் நடுவில் மலேசிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுக் காரைக்குடிக்கு வந்தேன். ஒரு தனியார் கிளினிக்கில் நரம்புப் பரிசோதனை மிஷினை என்னிடம் ஒப்படைத்தார்கள். இங்கிலீஷில் படித்த வேலையைத் தமிழில் விளக்குவதற்குள் எனக்குத்தான் நரம்புத் தளர்ச்சி வந்துவிடும் போலிருந்தது. “இது வைத்தியம் இல்லை ஆச்சி, உங்க நரம்புல சேதி எவ்வளவு வேகமாப் போகுதுன்னு பாக்குற சோதனை” என்று ஒரு சர்க்கரை நோயாளி ஆச்சியிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர்களும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த மாதம் தானாகவே வந்து கட்டிலில் ஏறிப் படுத்தார்கள்.

“தம்பி, போன வாட்டி வச்ச கரண்டு வலிக்கு நல்லாக் கேட்டுச்சு. இந்த வாட்டி கொஞ்சம் கூட்டி வைங்க.”

ஒற்றைச் செருப்பு

சூசை தேவகோட்டையில் தையற்காரர். பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பவர். எய்ட்ஸ் கிருமி இருப்பதாக ரத்தப் பரிசோதனையில் தெரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கிருமி நரம்பையும் தின்னும், சில பேருக்குத் தசையையும் தின்னும். சூசைக்குப் பாதம் எரிந்தது, பிறகு மரத்துப்போனது. கெட்டது கால் நரம்பா, தசையா, முதுகுத் தண்டா என்று தெரியாமல் மருந்து எழுத மாட்டேன் என்று டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார்.

எங்கள் கிளினிக்கில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். சூசை செருப்போடு உள்ளே வந்துவிட்டார். உதவியாளர் முத்தையா பாய்ந்தார்.

“என்னய்யா, கோயில் குளத்துக்குப் போனாலும் இப்படித்தேன் போவீகளா? கழத்துங்க!”

சூசை குனிந்து தன் காலைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார்.

“மன்னிச்சுக்கங்கண்ணே, கால்ல கெடக்குறது தெரியல. ஒண்ணுதேன் இருக்கு. இன்னொண்ணு பஸ்ஸுல விட்டேனா, ரோட்டுல விட்டேனான்னும் தெரியல.”

சத்தத்தை வைத்து

அன்றைக்கு அவரை உடனே படுக்க வைக்க முடியவில்லை. இந்த நோய்க்காரர்களைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பது மானேஜர் உத்தரவு. சூசை வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். நடுவில் டீ குடிக்கப் போனவன் பேச்சுக் கொடுத்தேன்.

“இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படித் தையல் மிஷின் மிதிக்கிறீக?”

“சத்தத்தை வச்சுத்தேன் சார். டகடகன்னு கேட்டா மிதிக்கிறேன்னு அர்த்தம். சத்தம் நின்னுட்டா குனிஞ்சு பார்ப்பேன், காலு கீழ கெடக்கும். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குது, அதுக்குள்ள இந்தக் காலு என்ன சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லிருங்க.”

வராத மிஷின்

கடைசி ஆள் என்றால் சாயங்காலம். எங்கள் வீதியில் சாயங்காலம் என்றால் எல்லா வீட்டிலும் ட்யூப்லைட், எதிரில் ஜூஸ் கடை மிக்ஸி, பின்னால் தண்ணி மோட்டார். வோல்டேஜ் படுத்துவிடும். நரம்பு அனுப்பும் அலை துளியூண்டு. அது திரையில் வர வேண்டிய இடத்தில் புல் முளைத்த மாதிரி இரைச்சல் நிற்கும். அன்றைக்குச் சோதனை நடக்கவில்லை. அடுத்த வாரமும் கடைசி ஆள், மறுபடியும் புல். அதற்கடுத்த வாரம் கரண்டே போய்விட்டது. தேவகோட்டை பஸ்ஸுக்கு எழுந்த சூசை, நாடாவால் காலோடு சேர்த்துக் கட்டியிருந்த செருப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“நான் ஒழுங்கா வாரேன் சார். உங்க மிஷினுதேன் வர மாட்டேங்குது.”

கட்டில்

மறுநாள் சாயங்காலம் மானேஜரிடம் போனேன். காலையில் வோல்டேஜ் நன்றாக இருக்கும், அவரை முதலில் பார்க்கிறேன் என்றேன்.

“அவன் படுத்த கட்டில்ல மத்தவுக படுப்பாகளா? ஆச்சிமாரெல்லாம் அப்படியே மதுரைக்கு வண்டி கட்டிருவாக.”

“கட்டில்ல தொத்துற வியாதி இல்லைங்க. கால்ல ஒட்டுற தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறோம். தசையில குத்துற ஊசி ஆளுக்கு ஒண்ணு, முடிஞ்சதும் அழிச்சிடுறோம். இவருக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் அப்படித்தான்.”

“எனக்குப் புரியுது. வாசல்ல உக்காந்திருக்கவுகளுக்குப் புரியணுமே?”

“அப்ப சாயங்காலம் அலை வர்றதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

மானேஜர் மின்விசிறியைப் பார்த்தார். அதுவும் மெதுவாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. முத்தையா கதவோரம் நின்று, பஞ்சை உருட்டுவது போலப் பாவனை செய்துகொண்டிருந்தார். மானேஜர் குரலைத் தாழ்த்தினார்.

“அவனை முதல்ல கூப்பிட்டீகன்னா, அன்னைக்கு மத்தியானமே நீங்க மலேசியாவுக்கு டிக்கெட் போட்டுக்கிரலாம்.”

இத்தனை வருஷம் ஷாக் கொடுத்துப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மிஷினில் கூட்டிக் குறைக்க ஒரு திருகாவது இருக்கிறது, மனுஷர் பயத்துக்கு அது கிடையாது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, முதல் ஆளாகச் சூசையை உள்ளே கூப்பிட்டேன்.