இன்ஜின் ரூம் மாப்பிள்ளை

எங்கள் திருவண்ணாமலையில் மலை இருக்கிறது, கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏற வேண்டும். அப்படியிருந்தும், நடுக்கடலில் கப்பல் உடைந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது ஒன்பது வயதில் எனக்கு அத்துப்படி. அதற்குக் காரணம் அத்தை, அப்பாவின் தங்கை.

அந்தக் கோடை விடுமுறையில், தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போன வாரத்திலிருந்து அத்தைக்கு ஆழ்கடல் படப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அதுவரை காதல் படம் தவிர வேறெதையும் பார்க்காதவள், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலிருந்து தமிழ் பேசும் வெள்ளைக்காரப் படங்களாக வாடகைக்கு எடுத்துவர ஆரம்பித்தாள். கப்பல் கவிழும். இல்லையென்றால் நீர்மூழ்கி அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். உயிர் போகிற நேரத்திலும் அந்த வெள்ளைக்காரர்கள் மெட்ராஸ் ஆட்டோக்காரர்கள் மாதிரி, "மச்சான், தண்ணி உள்ள வந்துடுச்சுடா" என்று பேசிக்கொள்வார்கள். அத்தை வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, உரித்து மென்றபடி கண் கொட்டாமல் பார்ப்பாள். நான் கதாநாயகனோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் பிழைத்துவிடுவார். எனக்குத்தான் கண் இருட்டும்.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கவலைப்படுவதை மட்டும் விடவில்லை. இன்றைக்கும் லிஃப்டில் ஏறினால், உள்ளே இருக்கிற காற்று இத்தனை பேருக்குப் போதுமா என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தப் படங்களில் நான் படித்துக்கொண்ட முக்கியமான பாடம், இன்ஜின் ரூமில் வேலை செய்கிறவன் முதலில் செத்துப்போவான் என்பது. கப்பலின் அடியில் இருப்பதால் தண்ணீர் அவனிடம்தான் முதலில் வரும். அதிலும் அவன் சட்டைப்பையிலிருந்து பெண்டாட்டி போட்டோவை எடுத்துப் பார்த்தான் என்றால் கதை முடிந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது, கீழ்பென்னாத்தூரில் அத்தைக்கு ஒரு வரன் இருப்பதாகவும் பையன் சரக்குக் கப்பலில் இருப்பதாகவும் அப்பா சொன்னார். கப்பலில் என்ன வேலை என்று கேட்டேன். அப்பா பெருமையாக, "இன்ஜின் ரூம்ல" என்றார். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊரில் பெண் பார்ப்பதற்கு ஒரு சௌகரியமான வழி உண்டு. இரண்டு வீட்டாரும் கிரிவலம் போவது போலப் போய் வழியில் 'தற்செயலாக'ச் சந்தித்துக்கொள்வார்கள். பிடித்தால் சம்பந்தம், பிடிக்காவிட்டால் மலை சுற்றிய புண்ணியம். யாருக்கும் நஷ்டமில்லை. அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செருப்பில்லாமல் கிளம்பினோம். எனக்கு மட்டும் தனியாக ஒரு வேலை இருந்தது. மலையைச் சுற்றி எட்டு லிங்கங்கள், ஆளுக்கொரு இலாகா. தண்ணீருக்கு வருணன், காற்றுக்கு வாயு. அந்த இரண்டு பேரையும் சரிக்கட்டிவிட்டால் மாப்பிள்ளை பிழைத்துக்கொள்வார், அத்தை தாலியும் நிலைக்கும்.

பையன் வீட்டார் தற்செயலாக வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை கறுப்பாக, ஒல்லியாக, தலை நிமிராமல் நடந்தார். அத்தையும் தலை நிமிரவில்லை. பெரியவர்கள் வெயிலைப் பற்றியே பேசிப் பேசி ஓய்ந்துபோனார்கள். இப்படியே போனால் காரியம் நடக்காது என்று அம்மா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

வருண லிங்கத்தில் நான் விழுந்து கும்பிட்ட கும்பிடைப் பார்த்து, பிள்ளைக்கு என்ன பக்தி என்று பையனின் அம்மா மெச்சினார். வாயு லிங்கத்தில்தான் வம்பு வந்தது. மற்றவர்கள் விபூதி பூசிக்கொண்டு நகர, நான் மாப்பிள்ளை கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இங்க நல்லா வேண்டிக்கோங்க. உங்களுக்குத்தான் காத்து ஜாஸ்தி வேணும்."

எதற்கு என்று குனிந்து கேட்டார்.

"கப்பல் முழுகினா இன்ஜின் ரூம்ல இருக்கறவங்கதான் மொதல்ல சாவாங்க."

பையனின் அம்மா "சிவ சிவா" என்று தாலியைப் பிடித்துக்கொண்டார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா மலையைப் பார்த்தார். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் சாவென்ற சொல் விழுந்துவிட்டது. சம்பந்தம் அங்கேயே அறுந்தது என்றுதான் எல்லார் முகமும் சொன்னது.

அப்போது அத்தை தலையை நிமிர்த்தி, நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"தண்ணி வந்தா அந்த இரும்புக் கதவு தானா மூடிக்குமா, இல்ல நீங்கதான் மூடணுமா?"

அவர் திணறினார். "மேல இருந்தே மூடுவாங்க. அதுக்குள்ள நாங்க ஏறி வந்துடுவோம்ங்க. ஏணி தனியா இருக்கு."

"பம்பு ஓடலைனா?"

"இன்னொன்னு இருக்கு."

"அதுவும் ஓடலைனா?"

அவர் தலையை நிமிர்த்தினார். முதல்முறையாக அத்தையை நன்றாகப் பார்த்தார்.

"நீங்க எந்தக் கப்பல்ல இருந்தீங்க?"

பையனின் அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அங்கிருந்து குபேர லிங்கம் வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். உயிர்காக்கும் படகு, மிதவைச் சட்டை, புயல் வந்தால் எங்கே ஒதுங்குவார்கள் என்று அத்தை கேட்டுக்கொண்டே போனாள். என் பயத்தைப் போக்கத்தான் இவ்வளவும் கேட்கிறாள் என்று எனக்கு ஒரே நன்றி.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அடுத்த மாதமே மாமா கப்பலுக்குப் போனார். அத்தை கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் வந்து இருந்தாள். அவளைச் சந்தோஷப்படுத்த நானே அந்தக் கடைக்குப் போய், அட்டையில் பெரிய அலை போட்ட படமாகப் பார்த்து எடுத்துவந்தேன். மல்லாட்டையும் வேகவைத்துத் தயார். படத்தில் முதல் அலை எழும்போதே அத்தை எழுந்து, அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போனாள். பிறகு வரவேயில்லை. அடுப்பு அணைந்துதான் இருந்தது.

கல்யாணமாகிவிட்டால் பெரியவர்களுக்குப் படம் சலித்துப்போகும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, அவள் பங்கு மல்லாட்டையையும் நானே தின்று முடித்தேன்.