உறைக்குள் இருந்த தண்ணீர்

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில், டயலிசிஸ் இயந்திரங்களுக்குத் தண்ணீர் சுத்திகரிப்பது என் வேலை. சிறுநீரகம் பழுதான என் அக்காவும் அங்கேதான் வந்து படுப்பார். குழாய்த் தண்ணீரை நாம் குடித்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். டயலிசிஸில் தண்ணீருக்கும் இரத்தத்துக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்றுதான். அதனால் மெம்பிரேன் என்ற சுருளுக்குள் தண்ணீரைப் பம்ப் வைத்து அழுத்துவோம். தானாக விட்டால் தண்ணீர் உப்பு இருக்கும் பக்கம்தான் ஓடும். அதை வம்படியாகத் திருப்புகிறோம். தண்ணீர் அந்தப் பக்கம் போக, உப்பும் கிருமியும் இந்தப் பக்கமே தங்கி வடிகாலுக்குப் போய்விடும்.

ஒரு காலை அந்த மெம்பிரேன் கிழிந்துவிட்டது. அக்கா முகம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருந்தார். பொரளையில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியிலும் இடம் கிடைக்கவில்லை. இன்றைக்கே செய்யாவிட்டால் தாங்கமாட்டார் என்றார் டாக்டர். நான் நுகேகொடைக்கு ஓடிப் புதியதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஹெவ்லொக் டவுன் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் கையில் நீளமான வெள்ளை உருளை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஆமிக்காரர் பிளாஸ்டிக் உறையை அழுத்தினார். உள்ளே சளசளவென்றது.

"மொகத மே?" இது என்ன என்று கேட்டார்.

சுருள் காயாமல், பழுதாகாமல் இருக்க ஊற்றிய மருந்துத் தண்ணீர் அது. கெமிக்கல் என்ற சொல்லை அந்த நாட்களில் எந்தத் தமிழன் அங்கே நின்று சொல்வான்? பெரிய கெட்டிக்காரன்போல "வத்துர" என்றேன். தண்ணீர்.

"எஹெனங் பொன்ன." அப்படியென்றால் குடி.

கத்தியை எடுத்தார். அது சுருளில் பட்டால் அக்காவின் கதை முடிந்தது. நானே திறக்கிறேன் என்று கெஞ்சி, உறையின் நுனியைப் பல்லால் கிழித்து ஒரு வாய் குடித்தேன். தீக்குச்சி மணம் மூக்கில் ஏறியது, தொண்டை எரிந்தது. முகம் சுளிக்காமல் விழுங்கினேன். நான் விழுகிறேனா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அவர்மேல் வந்த கோபத்தைவிட என் பொய்மேல் வந்த கோபம்தான் பெரிது.

பஸ் போய்விட்டிருந்தது. உறையின் வாயை இறுக்கிப் பிடித்தபடி ஓடினேன். மெம்பிரேனை இயந்திரத்தில் பூட்டி, முதலில் வந்த தண்ணீரையெல்லாம் வடிகாலுக்கு விட்டு, தண்ணீரில் கலந்திருப்பதைக் காட்டும் மீட்டர் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னேரம் அக்காவின் மூச்சு சீரானது. குனிந்து போர்வையை இழுத்துவிட்டேன்.

"தம்பி, உன்ரை வாயிலை என்ன மணம்?"

"ஒண்டுமில்லை அக்கா. வழியிலை தண்ணி குடிச்சனான்."

"இந்த வேலை செய்துகொண்டு கண்ட தண்ணியையும் குடிக்கிறாய்" என்று திட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.