கிணற்றோரம் நான்காவது துளை

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டுச் சாயப்பட்டறை மூடிக் கிடக்கிறது. மனையை வாங்க வந்தவர்கள், சாயம் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கியிருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும் என்றார்கள். அன்றோடு என் தூக்கம் போயிற்று. பட்டறையின் கழிவுக் குழிக்கும் எங்கள் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே இருபத்திரண்டு அடிதான். நாடா பிடித்து அளந்தவன் நான். தண்ணீர் கெட்டிருந்தால் கிணற்றை மூடச் சொல்லிவிடுவார்கள்.

சோதனைக்கு வந்த பொறியாளர் இளம்பெண். நான்கு இடங்களில் துளை போட்டு, அடிக்கு ஒரு பை என்று மண்ணைக் கட்டி வைத்தார். நான் கூடவே நின்று பைகளை எண்ணினேன்.

"சார், நான் எண்ணிட்டேன்."

"ரெண்டு பேர் எண்ணினா நல்லதும்மா."

நான்காவது துளை எங்கள் கிணற்றோரம். அதில் குழாயை இறக்கி, மூடியை வைத்து, மறுநாள் காலை தண்ணீர் எடுப்பதாகச் சொல்லிப் போனார். அன்று மாலை முழுக்க நான் புலம்பியதில், என் மேல் ஏதோ கண் பட்டுவிட்டது என்று மனைவி முடிவு கட்டினாள். கிழக்கு பார்த்து நின்றேன். ஆரத்தி சுற்றி நெற்றியில் பொட்டு வைத்தாள்.

விடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஓடினேன். பட்டறைக்காரரும் வந்திருந்தார். பொறியாளர் நீளமான குவளை ஒன்றைக் கயிற்றில் கட்டிக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். வந்த தண்ணீர் சிவப்பு.

"யோவ், பாத்தியா உன் சாயத்த! இதுல காப்பி போட்டுக் குடிச்சிக்கினு இருந்திருக்கறேன்யா!"

பட்டறைக்காரருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. "என் சாயம் தண்ணியில விடாது சார். விட்டிருந்தா எவன் புடவை வாங்கியிருப்பான்?"

"விடாத சாயத்துக்குக் கழிவுக் குழி எதுக்குய்யா?"

அவர் குவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், உங்க நெத்தியில இருக்கறது இன்னா கலரு?"

துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி சட்டென்று திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"ஏய், இன்னா பண்ண?"

"ஆரத்தித் தண்ணிய தெருவுல கொட்டினா யாராச்சும் மிதிச்சிடுவாங்க. இந்தக் குழாய்க்குள்ள எவன் வந்து காலு வைக்கப் போறான்னு ஊத்தினேன்."

பட்டறைக்காரர் சிரித்த சிரிப்பில் கிணற்றுப் புறா பறந்தது. பொறியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குழாயிலிருந்த தண்ணீர் முழுவதையும் இறைத்து வெளியே விட்டார். புதிதாக ஊறிய நீர் தெளிந்து வந்தது. அதைத்தான் புட்டிகளில் பிடித்தார்.

"அம்மா, அடுத்த தடவை பொட்டை எனக்கு வைங்க. குழாய்க்கு வேணாம்."

முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் கேன் தண்ணீர்தான். ஒரு நாள் பொறியாளரே தாளோடு வந்தார். கழிவுக் குழியின் மண் கெட்டிருக்கிறது, தோண்டி அப்புறப்படுத்த வேண்டும். கிணறு வரை எதுவும் வரவில்லை. தண்ணீரைக் குடிக்கலாம், கடினத்தன்மை மட்டும் அதிகம்.

எனக்கு மூச்சு வந்தது. என் மனைவி விடவில்லை.

"கடினத்தன்மைன்னா இன்னாம்மா ஆவும்?"

"பருப்பு சரியா வேகாதும்மா."

கல்யாணமான நாளிலிருந்து, பருப்பு வேகவில்லை என்று தினமும் சாப்பிடும்போது சொல்லி வருகிறவன் நான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அன்று மதியம் கிணற்றுத் தண்ணீரில் சமையல். குக்கர் எட்டு விசில் அடித்தது. பருப்பு வேகவில்லை. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.