அருமைநாயகி தோண்டிய குழிகள்

அருமைநாயகி அக்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசல் படலைக்கு வருவார். படலையில் நின்றுகொண்டு உலையை நினைப்பார். எங்கள் ஊர் பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில். அக்காவும் அவர் தம்பி ஆழ்வாப்பிள்ளையும் அங்கே ஒரே கிணற்றுக்குப் பங்குகாரர். அக்காவுக்குச் சீதனமாக வந்த தோட்டத் துண்டில் கத்தரியும் மிளகாயும் நின்றன. தம்பியின் பெரிய துண்டில் புகையிலை. முறை வைத்து இறைத்தார்கள்.

இருவருக்கும் இடையில் ஒரு வேலிச் சண்டையும் இருந்தது. தம்பி வேலிக் கதியாலைத் தன் பக்கத்திலிருந்து அக்காவின் காணிக்குள் தள்ளி நட்டுவிட்டார் என்பது அக்காவின் வழக்கு. எங்கள் ஊரில் வேலிச் சண்டை இல்லாவிட்டால் மனிதருக்குப் பொழுது போகாது.

முப்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம் கிணற்றுத் தண்ணீர் எண்ணெய் மணத்தது. தம்பி இறைத்த மறுநாள் மணக்கும். அக்கா இறைத்த மறுநாள் மணக்காது. அக்காவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம் பார்த்துக் கோயில் வாசலில் நின்றார்.

"என்ரை தண்ணியைக் கெடுக்கிறதுக்கு உவன் மண்ணெண்ணெய் ஊத்திறான். வேலிக் கோபம்."

"அக்கா, நான் ஊத்தேல்லை" என்றார் ஆழ்வாப்பிள்ளை. அதை யார் கேட்டார்கள்? அவருடைய மகள் பத்மாசினிக்குத் தெல்லிப்பழையில் பேசியிருந்த கலியாணம் அந்தக் கிழமையே நின்றுபோனது. கிணற்றைக் கெடுக்கிறவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளையின் தாய் இராசாத்தி சொல்லியனுப்பினாள்.

ஆழ்வாப்பிள்ளை ஒருவரோடும் சண்டைக்குப் போகவில்லை. தன் முறையே வேண்டாம் என்று கிணற்றுப் பக்கம் போவதை விட்டுவிட்டார். புகையிலை வாடிக் கருகியது. அதோடு தண்ணீரின் மணமும் நின்றது. "பிடிபட்ட உடனை விட்டிட்டான் பாத்தியளோ" என்று ஊர் சிரித்தது. பாழாய்ப்போன ஊர், ஒரு மனிதன் தன் பயிரைக் காயவிட்டு நிற்கிறான், அதிலும் குற்றம் கண்டது.

அக்காவாலும் சும்மா இருக்க முடியவில்லை. தம்பியின் முறையையும் தானே எடுத்து, வெங்காயம் வைத்து, கூலிக்கு ஆள் பிடித்துத் துலா மிதிக்கவிட்டுப் பொழுதுபடும்வரை இறைத்தார். மறுநாள் காலை செம்பை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். எண்ணெய் மணம். தம்பியோ ஊரிலேயே இல்லை, கரவெட்டிக்குப் போயிருந்தார்.

அன்று முழுவதும் அக்கா கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருவரும் எதையும் ஊற்றவில்லை. நெடுநேரம் இறைத்தால் ஊற்று எங்கிருந்தோ அந்த எண்ணெயை இழுத்துக்கொண்டு வருகிறது. புகையிலைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். கத்தரிக்குக் கொஞ்சம் போதும். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்துக்காகத் தம்பியைச் சந்தியில் நிறுத்திவிட்டார்.

இரும்பு அலவாங்கை எடுத்தார். கிணற்றடியிலிருந்து நாலு பக்கமும் குழி தோண்டினார். ஒவ்வொரு குழியிலும் மண்ணை அள்ளி மணந்து பார்த்தார். மூன்று பக்கத்தில் வெறும் மண். றோட்டுப் பக்கம் போகப் போக மூக்கில் ஏறியது. கடைசிக் குழி அருட்பிரகாசத்தின் வேலியோரம். அவர் எண்ணெய் நிரப்பிய இரும்புத் தாங்கி ஒன்றை நிலத்துக்குள் புதைத்து வைத்து, கார்களுக்கும் பஸ்களுக்கும் பெற்றோல் அடித்து விற்பவர்.

"உம்மடை தாங்கி ஒழுகுது" என்றார் அக்கா.

"உங்கடை தம்பி ஊத்தினதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இப்ப ஏன் என்னை இழுக்கிறியள்?"

சில நாளில் அருட்பிரகாசம் தாங்கியை நிலத்திலிருந்து கிளப்பி லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார். பெரிதாக ஒன்று வைக்கப் போகிறாராம். கள்ளன்.

கடைசிக் குழியின் மண்ணை அக்கா முன்பே ஒரு பானையில் அடைத்து, வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தார். அதைத் தலையில் வைத்துக்கொண்டு தெல்லிப்பழைக்கு நடந்தார். இராசாத்தியின் முற்றத்தில் இறக்கி, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார்.

இராசாத்தி குனிந்து மணந்தாள். "மணக்குது, ஓம். ஆனால் கோயில் வாசலிலை சொன்னதும் உந்த வாய்தானே? அண்டைக்குச் சொன்னதை நம்பிறதோ, இண்டைக்குச் சொல்லிறதை நம்பிறதோ? தம்பியெண்டபடியாலை இப்ப மறைக்கிறியள்."

அக்கா துணியை மறுபடி பானையின் வாயில் கட்டினார். பானையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு, வெயிலில், நேரே தம்பி வீட்டுக்கு வந்தார். கரவெட்டியிலிருந்து திரும்பியிருந்த ஆழ்வாப்பிள்ளை படலைக்குள் நின்றார். பானையைப் பார்த்தார். அக்கா எங்கே போய்வந்தார் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நம்பினவையோ?"

"இல்லை. நான் முதல் சொன்னதைத்தான் நம்பினம்." பானையை இறக்காமலே அக்கா சொன்னார். "நாளைக்கும் போவன். நீ என்னை மன்னிக்க வேண்டாம். அவை நம்புமட்டும் போவன்."

ஆழ்வாப்பிள்ளை படலையைத் திறந்து, அக்காவின் தலையிலிருந்த பானையை இறக்கினார்.

"நாளைக்கு நானும் வாறன், அக்கா. பாரமாக்கிடக்கு."